நீலப் பட்டை

தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் அங்கேயே வேலை செய்யும் அவள் கொழுந்தனுக்கும் பேச்சுவார்த்தை நின்று நாலு மாதம் ஆகிறது. வேலை நின்றால் ஊருக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் வேலை மட்டும் நிற்கவில்லை. அதற்காக இருவருக்கும் நடுவில் ஒரு மனிதர் இருந்தார். செயின் இழுப்பதும் சுமைக்குக் கயிறு போடுவதும் அவர் உத்தியோகம். நாலு மாதமாக இவர்கள் இருவரின் பேச்சைச் சுமப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. எல்லோரும் அவரைத் தபால் என்று கூப்பிடத் தொடங்கி, இப்போது வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவருக்குச் சொந்தப் பெயர் கிடையாது.

"தபாலண்ணே, முப்பத்திரண்டு நம்பர் ஸ்பானர் வேணும்னு சொல்லுங்க," என்பான் கொழுந்தன், ஸ்டோர் ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி நின்றபடி.

"தபாலண்ணே, போன வாரம் எடுத்துட்டுப் போனதே இன்னும் வரலைன்னு சொல்லுங்க," என்பாள் அவள், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

தபால் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? ஸ்டாம்பு கூட ஒட்டாம எத்தனை நாளைக்குத்தான் என்னை ஓட விடுவீங்க?"

காரணம் வீட்டில் இருந்தது. நாலு மாதத்துக்கு முன் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்படி விழுந்தாங்க?" என்று கேட்டதற்குக் கொழுந்தன் முந்திக்கொண்டு, "அண்ணி தரையைத் துடைக்காம விட்டுட்டாங்க. பொறுப்பில்லாம," என்றான். அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குள் மீன்முள் மாதிரி தங்கிவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவள் கணவன் லாரி ஓட்டுபவன். மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கொழுந்தனும் அவன் மனைவியும் மாடியில் இருந்தார்கள். கீழறையில் ஜன்னலோரக் கட்டிலில் மாமியார், பக்கத்தில் தரையில் பாய் விரித்து இவள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிழவியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளும் தூங்க விடமாட்டார். ஊர் வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டே வரும் ரயில் பயணி மாதிரி, "மணி என்னடி? மணி என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மாடியில் நடக்கும் செருப்புச் சத்தம் கீழே கேட்கும். கீழே கிழவி கூப்பிடும் சத்தம் மாடிக்குக் கேட்காதா என்ன? கேட்கும். ஆனால் படி இறங்கி யாரும் வந்ததில்லை.

நாலு மாதத் தூக்கம் பாக்கி இருக்கிறவளுக்குக் கண்ணுக்குள் எப்போதும் மணல் கிடந்தது. நடக்கும்போது தரை கொஞ்சம் தாமதமாகக் காலுக்கு வந்து சேர்ந்தது.

ஸ்டோரில் அவள் பொறுப்பில் ஐந்து செயின் பிளாக்குகள் இருந்தன. பம்பையும் மோட்டாரையும் குழியிலிருந்து தூக்குவது அவற்றால்தான். கரண்ட் வேண்டாம், ஓர் ஆள் நின்று கைச்செயினை இழுத்தால் மூன்று டன் மேலே வரும். கைச்செயினை விட்டுவிட்டாலும் சுமை அங்கேயே நிற்கும். உள்ளே இருக்கும் பிரேக்கும், பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு சின்ன இரும்புக் கவ்விகளும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் ஐந்தையும் சோதிக்க வேண்டும். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, கண்ணி கண்ணியாக விரலில் உருட்டிப் பார்ப்பாள். கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா என்று அளப்பாள். கொக்கியின் பூட்டு தானாக மூடுகிறதா என்று தட்டிப் பார்ப்பாள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி பிரேக் தட்டுகள் உலர்ந்திருக்கின்றனவா, கவ்விகள் ஸ்பிரிங்கில் துள்ளுகின்றனவா என்று பார்ப்பாள். சுமைச் செயினுக்கு மெல்லிய எண்ணெய் உண்டு. மூடிக்குள் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. எல்லாம் சரியென்றால் கொக்கிக்கு மேலே ஒரு பட்டை வர்ணம். ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஒரு நிறம், இந்த முறை நீலம். நீலப் பட்டை இல்லாத செயின் பிளாக்கை யாரும் தொடமாட்டார்கள். நீலம் இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

பத்து நாளைக்கு முன் அந்தச் சோதனை நாள். முதல் இரண்டையும் ஒழுங்காகப் பார்த்தாள். மூன்றாவதை மடியில் போட்டுக்கொண்டு சாக்கு மூட்டையில் சாய்ந்தாள். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். விழித்தபோது வேலை முடியும் மணி அடித்துக்கொண்டிருந்தது. கன்னத்தில் செயின் கண்ணியின் அச்சு வட்டமாகப் பதிந்திருந்தது. வீட்டில் பகலுக்கு வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் ஐந்து நிமிடம் பிந்தினாலும் வாசலில் வந்து நின்றுகொள்வாள். வர்ண டப்பா திறந்தபடியே கிடந்தது, மேலே ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. ஒரு குச்சியால் கலக்கி, மூன்று, நாலு, ஐந்து என்று வரிசையாகப் பட்டை போட்டாள். நாளைக்கு முதல் வேலையாகத் திறந்து பார்த்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டாள். மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. நீலம் காய்ந்து இறுகிவிட்டது.

இன்று காலை இரண்டாம் பம்பு நின்றுபோனது.

இன்ஜினியர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நடந்துகொண்டிருந்தார். பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. "ஆமாம் சார்… சாயங்காலத்துக்குள்ள… ஆமாம் சார்," என்று சுவரிடம் தலையாட்டினார். குழி மேல் இருந்த இரும்பு உத்தரத்தில் மூன்றாம் எண் செயின் பிளாக்கை மாட்டினார்கள். அதை ஜன்னல் வழியே எடுத்துக் கொடுத்தது அவளேதான். கொடுக்கும்போது கை ஒரு கணம் தயங்கியது. தபால் நீலத்தைப் பார்த்து, "புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கே," என்று தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? அதற்குள் அவர் பம்பு அறைக்குள் போய்விட்டார்.

அவள் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுத்துகள் எறும்பு மாதிரி நகர்ந்தன. அடுத்த அறையில் தபால் இழுக்கத் தொடங்கினார்.

செயின் பிளாக் சுமை தூக்கும்போது பேசும். இரண்டு கவ்விகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல்லில் விழும். டிக்-டிக், டிக்-டிக் என்று ஜோடி ஜோடியாகக் கேட்கும். பதினோரு வருடமாக அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து அறையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கடிகாரச் சத்தம் மாதிரி, அது கேட்பதே தெரியாது.

இன்று தெரிந்தது.

டிக். டிக். டிக்.

ஜோடி இல்லை. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு யாரோ படியேறுகிற மாதிரி இருந்தது. அவள் தலையை உதறிக்கொண்டாள். தூக்கம் காதையும் அடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் யாரும் கூப்பிடாமலே கிழவி கூப்பிட்ட சத்தம் கேட்டு எழுந்தவள்தானே. இதுவும் அப்படித்தான் இருக்கும். மறுபடி கேட்டாள். டிக். டிக். இப்போது ஒரு இடத்தில் அந்த ஒற்றையும் பிந்தி விழுந்தது.

போய் நிறுத்தச் சொன்னால், ஏன் என்பார்கள். காதுக்குச் சரியாகப் படவில்லை என்றால், நீலம் அடித்திருக்கிறதே என்பார்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைக் கொழுந்தன் முன்னால் சொல்ல வேண்டும். 'பொறுப்பில்லாம' என்று அன்றைக்கு அவன் சும்மா வீசிய வார்த்தைக்கு இவளே சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடந்தாள்.

பம்பு அறையில் பம்பு குழியைவிட்டு வெளியே வந்து, தரைக்கு மேல் முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை டன் இரும்பு. அடிப்பகுதியிலிருந்து சேறும் தண்ணீரும் ஒழுகின. தபால் கைச்செயினோடு நின்றார். கொழுந்தனைக் காணவில்லை.

"எங்க அவன்?"

தபால் தாடையால் குழியைக் காட்டினார். "நட்டு ஒண்ணு உள்ள விழுந்துடுச்சு. எடுத்துட்டு வர்றேன்னு இறங்கிட்டான். அவசரமாம்."

தொங்கும் சுமைக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது என்று சுவரில் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பில் எழுதியிருந்தது. குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தால் அந்த எழுத்துதான் முதலில் கண்ணில் படும்.

"நிறுத்துங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "நிறுத்துங்க தபாலண்ணே. இழுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். அப்படியே பிடிச்சுக்கோங்க."

இன்ஜினியர் போனைக் கீழே இறக்கினார். "என்னம்மா?"

"ஒரு கவ்வி விழலை சார். சத்தம் சரியில்ல."

"நீலம் அடிச்சிருக்கே. பத்து நாள் கூட ஆகலையே?"

"அடிச்சேன் சார்." அவள் ஈரத் தரையைப் பார்த்தாள். "பார்க்காம அடிச்சேன். திறந்தே பார்க்கல. தூங்கிட்டேன்."

தபாலின் வாய் திறந்தபடி நின்றது. கையிலிருந்த செயினை, அது பாம்பாக மாறிவிட்டது போலப் பார்த்தார்.

குழிக்குள் காலடி அசைந்தது. ஏணி எதிர்ச் சுவரில் இருந்தது. அங்கே வர வேண்டுமானால் அவன் பம்புக்கு நேர் கீழே நடக்க வேண்டும்.

"தபாலண்ணே, அவனை அசைய வேண்டாம்னு…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். தபாலின் இரண்டு கையும் செயினில் இருந்தன, முகம் வெளுத்திருந்தது. அவரால் இப்போது எந்தத் தபாலும் கொண்டுபோக முடியாது. அவள் குழியின் விளிம்பில் மண்டியிட்டு உள்ளே பார்த்தாள்.

"தம்பி. ஏணிக்கு வராதே. பின்னால போ. சுவரோட முதுகை ஒட்டி நில்லு."

இருட்டிலிருந்து அவன் முகம் மேலே பார்த்தது. நாலு மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேர். பிறகு பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"சரி அண்ணி."

ஸ்டோருக்குப் பின்னால் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் தடித்த கட்டைகள் கிடந்தன. அவளும் இன்ஜினியரும் பம்பு ஓட்டுபவரும் ஒவ்வொன்றாக இழுத்து வந்தார்கள். யாரும் பம்புக்குக் கீழே கை நீட்டவில்லை. பக்கத்தில் நின்றபடி கட்டையின் நுனியைத் தள்ளி, குழியின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குப் பாலம் மாதிரி போட்டார்கள். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஐந்து கட்டை, அதன் மேல் குறுக்கே நாலு. ஏணி இருந்த பக்கம் மட்டும் ஓர் ஆள் நுழைகிற அளவு இடம் விட்டார்கள். இன்ஜினியரின் வெள்ளைச் சட்டையில் தார் அப்பியது. போன் பையில் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கடைசிக் கட்டை போட்டபோது பம்புக்கும் கட்டைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான் மிஞ்சியது.

"இப்ப இறக்குங்க தபாலண்ணே. மெதுவா. அங்குலம் அங்குலமா."

"அங்குலம்னா எந்தப் பக்கம்னே மறந்துபோச்சு தாயி," என்றார் தபால். செயினைத் திருப்பி ஒரு இழுப்பு இழுத்தார்.

பம்பு ஒரு விரல் இறங்கியது. நின்றது. பிறகு யாரும் இழுக்காமலே மிச்சம் மூன்று விரலும் ஒரே அடியாக விழுந்தது. கட்டைகள் முனகின. குழிக்குள் மண் உதிரும் சத்தம் கேட்டது. உத்தரத்தில் செயின் தளர்ந்து ஆடியது.

கட்டைகள் தாங்கின.

அவன் கையையும் காலையும் ஊன்றி ஊர்ந்து ஏணிக்கு வந்து மேலே ஏறினான். வலது கையில் அந்த நட்டை இறுக்கிப் பிடித்திருந்தான். தரையில் உட்கார்ந்த பிறகும் விரல்களைத் திறக்க முடியவில்லை. தபால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"ஒரு நட்டுக்காடா? ஸ்டோர்ல டப்பா நிறைய இருக்கேடா, கேட்டா கொடுக்கமாட்டாங்களா?"

அவன் நட்டையே பார்த்தான். யாரைக் கேட்பது என்பதுதான் பதில். அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

செயின் பிளாக்கை இறக்கி மேசையில் வைத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே கறுப்பாகக் கியர் எண்ணெய் பாகு மாதிரி ஒட்டியிருந்தது. பிரேக் தட்டுகள் நனைந்து மின்னின. ஒரு கவ்வி அந்தப் பாகில் ஒட்டி, படுத்தது படுத்தபடி கிடந்தது. இன்னொன்றை விரலால் தூக்கி விட்டாள். தூக்கக் கலக்கத்தில் எழுகிறவன் மாதிரி மெல்லக் கீழே வந்தது. இத்தனை நேரமும் அவ்வளவு இரும்பும் இதன் ஒற்றைப் பிடியில் தொங்கியிருக்கிறது.

"யார் எண்ணெய் விட்டது?" என்று இன்ஜினியர் கேட்டார். "இதுக்குள்ள எண்ணெய் விடக் கூடாதுன்னு தெரியாதவங்க இங்க யாராவது இருக்கீங்களா?"

"நான்தான் சார்," என்றான் கொழுந்தன். "போன மாசம். கைச்செயின் இறுகி இருந்துச்சு. அண்ணிகிட்ட சொல்லணும், ஆனா தபாலண்ணன் அன்னிக்கு லீவு." அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிப்பட்ட வாக்கியம் என்று அவனுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான். "காத்து ஓட்டை வழியா கொஞ்சம் விட்டேன். லேசாச்சு. வேலை முடிஞ்சதும் மாட்டிட்டுப் போயிட்டேன்."

தபால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பல்லு வலிக்கு ஒரு நாள் லீவு போட்டேன்! ஒரே ஒரு நாள்!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவருக்கும்தான்.

திறந்து பார்த்திருந்தால் பத்து நாளைக்கு முன்பே இந்த எண்ணெய் கண்ணில் பட்டிருக்கும். அவளுக்கு அது தெரியும். அவன் செய்தது பாதி, இவள் செய்தது மீதி. எந்தப் பாதி பெரிது என்று அளக்க அவளிடம் தெம்பு இல்லை.

இன்ஜினியர் பதிவேட்டைத் திருப்பி மேசையில் வைத்தார். "ரெண்டு பேரும் நடந்ததை நடந்தபடி எழுதுங்க. மேல அனுப்பணும். என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது." அவளைப் பார்த்தார். கோபத்தைக் கொண்டுவர முயன்று, கொண்டுவர முடியாதவர் மாதிரி இருந்தது முகம். "நீலம் எத்தனை நிஜம்?"

"ரெண்டு சார். ஒண்ணும் ரெண்டும். மத்ததை எல்லாம் சுரண்டிடறேன்."

"அப்ப அது ரெண்டுல ஒண்ணை மாட்டி வேலையைப் பாருங்க. ஆனா மாட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை திறந்து பாருங்க." அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "சாயங்காலம் இல்ல சார்… நாளைக்கு… ஆமாம் சார், நாளைக்கு," என்பது வராந்தாவில் தேய்ந்துகொண்டே போனது.

முதலாம் எண்ணைத் திறந்து பார்த்து, மாட்டி, பம்பைக் கட்டையிலிருந்து நகர்த்தி வைக்க மதியம் தாண்டிவிட்டது. பிறகு அவள் ஸ்டோரில் உட்கார்ந்து ஒரு பழைய ரம்பத் துண்டால் மூன்று, நாலு, ஐந்தின் நீலத்தைச் சுரண்டினாள். நீலத்தூள் மடியில் உதிர்ந்தது. மூன்றாம் எண்ணின் உள்பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டாள்.

கொழுந்தன் ஜன்னலுக்கு வந்து நின்றான். வழக்கம்போல் இரண்டடி தள்ளி. சுற்றுமுற்றும் பார்த்தான். தபால் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை. வேண்டுமென்றேதான் இல்லை என்று தோன்றியது.

"அண்ணி," என்றான்.

அவளுக்குச் சண்டை போட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நாலு மாதமாகத் தரையில் படுத்துக்கொண்டு கோத்து வைத்த வாக்கியங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை. அத்தனை களைப்பு.

"அன்னிக்குத் தரை ஈரமாத்தான் இருந்துச்சு," என்றாள். "துடைக்கத் துணி எடுக்கத்தான் போனேன். வர்றதுக்குள்ள உங்கம்மா எழுந்துட்டாங்க."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ராத்திரி அம்மா கூப்பிடுறது எனக்குக் கேக்கும் அண்ணி. நீங்க எழுந்திரிச்சதும் சத்தம் நின்னுடும். நானும் திரும்பிப் படுத்துக்குவேன்."

"நாலும் அஞ்சும் இன்னும் திறக்கணும். தூங்காம நான் அதைத் தொடமாட்டேன். இன்னிக்கு நீ கீழ வந்து படு."

"என்னைப் பார்த்தா அம்மா திட்டுமே. நாலு மாசமா வரலைன்னு."

"திட்டட்டும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டி விடணும். திட்டிக்கிட்டேதான் புரளுவாங்க. மணி என்னன்னு கேட்டா சரியா சொல்லு, தப்பா சொன்னா கண்டுபிடிச்சுடுவாங்க."

அவன் தலையாட்டினான். போகாமல் நின்றான். பிறகு சுற்றிக்கொண்டு கதவு வழியாக ஸ்டோருக்குள் வந்தான். நாலு மாதத்தில் முதல்முறை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலமாரியைத் தொட்டான்.

அவள் துடைத்துக் காயவைத்த மூன்றாம் எண்ணின் பாகங்களை ஒவ்வொன்றாகக் கோத்தாள். பிரேக் தட்டுகளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். உலர்ந்திருந்தன, ஆனால் எண்ணெய் குடித்த தட்டை நம்ப முடியாது. அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து புதுத் தட்டுகளைப் போட்டாள். மூடியைப் பூட்டி, அறையின் குறுக்குக் கம்பியில் மாட்டி, கொக்கியில் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டாள். கைச்செயினை அவனிடம் நீட்டினாள்.

"மெதுவா இழு."

சாக்கு மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பத்து நாளைக்கு முன் சாய்ந்த அதே மூட்டை. மணல் மூட்டை தரையைவிட்டு எழுந்தது. டிக்-டிக். டிக்-டிக். ஒரு ஜோடி, இன்னொரு ஜோடி. தூக்கம் ஒரு பெரிய மிருகம் மாதிரி வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது. அவள் அதைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சத்தம் நின்றது.

"அண்ணி? தூங்கிட்டீங்களா?"

"எண்ணிக்கிட்டு இருக்கேன்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "இழு."